வேப்பிலை வைத்த புத்தகம்

மிளகாய் மூட்டைகளின் நெடிக்கும் வெல்ல மண்டியின் வாடைக்கும் நடுவே, வெயிலில் காய்ந்த பழைய காகிதத்தின் மணம் தனியாக வந்து மூக்கைத் தொடும்; கண்ணைக் கட்டிவிட்டாலும் செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில் பழைய புத்தகக்காரரின் சாக்கு விரிப்புக்கு நான் போய்ச் சேர்ந்துவிடுவேன். அட்டை போனது, நடுப்பக்கம் போனது, கடைசிப் பக்கம் போய்க் கொலைகாரன் யாரென்றே தெரியாமல் நிற்பது என்று எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். பரீட்சை முடிகிற பங்குனிக் கடைசியில்தான் அந்தக் குவியல் உயரும். எங்கள் தெருவின் பயமும் அதே மாதத்தில்தான் உயரும்.

ஐம்பதுகளின் கடைசி அது. வெயில் காலமென்றால் பெரியம்மைக் காலம். நோயின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், "ஆத்தா வந்திருக்கா" என்று குரலைத் தாழ்த்துவார்கள். வாசலில் வேப்பந்தழை செருகிய வீட்டிலிருந்து, அம்மை இறங்கி, தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை எதுவும் வெளியே வரக்கூடாது. "ஒரு துரும்பு வெளிய வந்தாலும் ஆத்தா அது பின்னாலயே வந்துருவா" என்பார் என் பெரியம்மா. எனக்குப் பின் பிறந்த தங்கையை அப்படித்தான் பறிகொடுத்திருந்தோம்.

அதற்குப் பிறகு பிறந்தவன் தம்பி மணி. பள்ளிக்கூடத்தில் பிடித்து நிறுத்திக் குத்தியதால் என் கையில் அம்மை குத்திய தழும்பு இருந்தது. அவன் கை மழமழவென்றிருந்தது. ஊசி குத்தி ஆத்தாளைச் சீண்டினால் இந்தப் பிள்ளையையும் கொண்டுபோய்விடுவாள் என்று அம்மாவுக்குத் திகில். அம்மை குத்துகிறவர் தெருமுனையில் தலைகாட்டியதும் மணியைத் தூக்கிப்போய் அப்பா காலைத் தொங்கவிட்டு நெய்கிற தறிக்குழிக்குள் விட்டு மேலே துணியைப் போர்த்திவிடுவாள். அவன் அழுகிற சத்தம் வெளியே கேட்காதபடி அப்பா தறியை ஓங்கி அடிப்பார். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் தறிக்குழிக்குள் ஒளிந்து வளர்ந்தவர்கள்தாம்.

ஒரு பங்குனிச் செவ்வாய்க்கிழமை சந்தையில் எனக்கு ஒரு துப்பறியும் கதை கிடைத்தது. வீட்டுக்கு வந்த சூட்டோடு தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிணற்றடியில் பிணம் கிடக்கிற இடம்வரை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். தவழ்ந்து வந்த மணி பக்கத்தின் ஓரத்தைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டதைக்கூட நான் கவனிக்கவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். காய்ந்து சருகான ஒரு கொத்து வேப்பிலை அவன் மடியில் விழுந்தது.

தாரில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "அது எந்த ஊட்டுப் புத்தகம், புள்ள?"

எந்த வீட்டுப் புத்தகமென்று யார் கேட்டு வாங்குகிறார்கள்? அம்மா மணியின் வாய்க்குள் விரலை விட்டுக் காகிதத்தை வழித்தெடுத்தாள். புத்தகத்தைக் கொள்ளிக்கட்டையால் தள்ளிக்கொண்டே போய் அடுப்பில் போட்டாள். "புத்தகக்காரரக் கேட்டுட்டு வாரேன்" என்று அப்பா ஓடினார். சந்தை கலைந்துவிட்டிருந்தது. "ராசிபுரம் போயிருப்பாருங்க, இனி அடுத்த சந்தைக்குத்தான்" என்றாராம் பக்கத்து வெங்காயக் கடைக்காரர்.

அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மணியின் கழுத்தில் வேர்க்குரு அரும்பினால் விளக்கடிக்குத் தூக்கிப்போய் ஒவ்வொன்றாக எண்ணுவேன். அவன் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவளோ அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இந்த நேரம் பார்த்து அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் வந்தார். பழக்கதோஷத்தில் அப்பா குழிக்குள் காலை ஒதுக்கிக்கொண்டு, "குடு, உள்ள உட்டுக்கலாம்" என்று கையை நீட்டினார்.

அம்மா அசையவில்லை. "இந்தத் தடவ ஒளிச்சு என்னங்க பண்ணறது? ஆத்தா ஊட்டுக்குள்ளயே வந்துட்டாளே."

மணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவளாகவே வாசலுக்குப் போய் அவன் கையைப் பிடித்துக் காட்டினாள். "போன தடவ இந்த ஊட்டுல கொழந்தையே இல்லைன்னீங்களேம்மா" என்றார் வந்தவர். அம்மா பிள்ளையின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். ஊசி இறங்கியதும் மணி போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பா சந்தையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். "தழைய வெச்சது புத்தகக்காரரேதானாம். இந்த வருசம் ராமபாணப் பூச்சி சாஸ்தியாம், அரிக்காம இருக்க எல்லாத்துலயும் ஒவ்வொரு கொத்து வெச்சிருக்கறாரு." எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கொப்புளம் எழும்பிய மணியின் கையைப் பார்த்தபடி, "அவரு வெக்கலீங்க, ஆத்தா வெக்கச் சொல்லியிருக்கா" என்றாள்.

சித்திரை பிறந்ததும் எங்கள் தெருவுக்கு நிஜமாகவே ஆத்தா வந்தாள். பக்கத்து வீட்டு வாசலில் தழை செருகினார்கள். அந்த வீட்டுப் பையனும் மணியும் ஒரே மாதத்துப் பிள்ளைகள். அம்மை குத்துகிறவர் வந்த அன்று அவனைத் தறிக்குழிக்குள் விட்டிருந்தார்கள். அவன் பிழைக்கவில்லை. அம்மா வெகுநாள் அந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்க முடியாமல் நடந்தாள்.

இன்று அந்தச் சாக்கு விரிப்பு இல்லை, தறிக்குழியை மூடிச் சிமெண்டு பூசியாகிவிட்டது, பெரியம்மை உலகத்தைவிட்டே போய்விட்டது, அம்மாவும் இல்லை. மணிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அரைக்கை பனியனோடு அவன் உட்கார்ந்திருக்கும்போது, கையில் வட்டமாக இருக்கிற தழும்பைத் தொட்டு "இதென்ன தாத்தா?" என்று பேரன்கள் கேட்டால், "உங்க பெரிய பாட்டி வாங்கின பழைய புத்தகம்" என்று என்னைக் கை காட்டுகிறான். கிணற்றடியில் கிடந்த அந்தப் பிணம் யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.