தூரத்துக்கு ஒரு லென்ஸ்

என் அப்பா எதையும் ஒரு தடவை பார்த்து நம்புகிறவர் இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போடச் சொல்வார். பாலை முகர்ந்து பார்ப்பார். பள்ளிக்கூட வேன்காரர் பஞ்சரால் தாமதம் என்றால், வெளியே போய்க் குனிந்து டயரைப் பார்ப்பார். நூற்பாலையில் நூலில் குறை கண்டுபிடிப்பது அவர் வேலை. அந்தக் கண்ணை மில்லிலேயே வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை என்பாள் அம்மா.

சிங்கப்பூரிலிருந்து வந்த பெரியப்பா அவருக்கு ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனபோது நான் ஐந்தாம் வகுப்பு. அதனுடன் வந்த லென்ஸ் போதாது, இன்னொன்று வேண்டும் என்று அப்பா சொல்ல ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஸ்கூட்டரில் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கேமராக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் கண்ணாடி மேசையில் இரண்டு லென்ஸ்களை வைத்தார். ஒன்று குட்டையாக உள்ளங்கைக்குள் அடங்கியது. இன்னொன்று நீளம், திருகினால் இன்னும் நீண்டது.

"முகம், வீட்டு விசேஷம் இதுக்கெல்லாம் இந்தச் சின்னதுதாண்ணே. பின்னாடி இருக்கறதெல்லாம் மங்கிரும், ஆளு மட்டும் பளிச்சுன்னு நிப்பாக. தூரத்துல உள்ளத கிட்ட இழுக்கணும்னா இந்த நீளம்" என்றார்.

சின்னதை மாட்டி என்னை ஒரு படம் எடுத்தும் காட்டினார். என் கண்ணிமை முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எனக்குப் பின்னாலிருந்த அலமாரி வெறும் வண்ணமாகக் கரைந்திருந்தது. அம்மா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இதையே வாங்குங்க. பிள்ளைய எடுக்கலாம்ல."

அப்பா அதற்குள் நீள லென்ஸைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து உள்ளே தூசி தேடிக்கொண்டிருந்தார். "பிள்ள கிட்டத்துலதான இருக்கா. கிட்டத்துல இருக்கறதப் பாக்க லென்ஸ் எதுக்கு? எனக்குத் தூரந்தான் வேணும்."

"தூரத்துல அப்படி என்னத்தப் பாக்கப் போறீங்க?"

"பறவை."

அம்மா சிரித்துவிட்டாள். காக்கையைத் தவிர வேறொரு பறவையின் பெயர் அப்பா வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. அட்டைப்பெட்டியின் ஒட்டு பிரித்து ஒட்டியதா, லென்ஸில் இருக்கும் எண்ணும் பெட்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று அரை மணி நேரம் பார்த்துவிட்டு அப்பா நீளத்தையே வாங்கினார்.

அடுத்த ஞாயிறு கீழக்குயில்குடிக்குப் போனோம். மலையடிவாரக் குளத்தில் ஒரு மீன்கொத்தி சிக்கியது. அதோடு வெளியூர்ப் பறவைகள் தீர்ந்தன. அதன் பிறகு எல்லாம் எங்கள் மொட்டைமாடியில்தான். கே.கே. நகரில் நாங்கள் குடியிருந்தது இரண்டாவது மாடி. மொட்டைமாடியில் ஏறினால் தெரு முழுக்கத் தெரியும், தெருமுனை பஸ் ஸ்டாப் வரைக்கும். காலை ஷிப்ட் முடிந்து மாலையில் வந்ததும் அப்பா கேமராவோடு ஏறிவிடுவார். அம்மா அலுவலகம் விட்டு வீடு வருவதற்குள் இறங்கிவிடுவார்.

"அப்பா மேல எதத்தான் எடுக்குறாரு?" என்று அம்மா என்னைக் கேட்பாள். மறுநாள் மாலை நான் மேலே போய்ப் பார்ப்பேன். அப்பா கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி நிற்பார். கேட்டால், "மைனா. சத்தம் போடாத, பறந்துரும்" என்பார். அம்மா வந்ததும் மைனா என்று சொல்வேன். அம்மாவுக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரியும்.

ஒரு சனிக்கிழமை, அப்பா மில்லுக்குப் போயிருந்தபோது, எதிர்வீட்டு அக்கா வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரரு தெனமும் அம்புட்டுப் பெரிய லென்ஸ வச்சுக்கிட்டு மாடியில நிக்குறாரு. எங்க வீட்டுல வயசுப்பிள்ள இருக்கு. துணி காயப்போடக்கூட மேல போக மாட்டேங்குறா."

"அவரு பறவை எடுக்குறாருக்கா. இருந்தாலும் நான் சொல்லிர்றேன்" என்றாள் அம்மா. குரல் உறுதியாகத்தான் இருந்தது. அக்கா போனதும் கதவைச் சாத்திவிட்டு நேராகப் பீரோவிலிருந்து கேமராப் பையை எடுத்தாள்.

கட்டிலில் அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். மீன்கொத்தி. மைனா. செல்போன் டவரில் ஒரு பருந்து. எதிர்வீட்டுப் பெண் ஒன்றில்கூட இல்லை. அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அடுத்த படத்தில் எங்கள் பஸ் ஸ்டாப் இருந்தது. அதற்கடுத்ததில் அம்மா.

அதிலிருந்து எல்லாமே அம்மாதான். பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். கைப்பையைத் தோளில் மாட்டுகிறாள். கொய்யாப்பழ வண்டியில் நிற்கிறாள். எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறாள். வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மஞ்சள் சேலை, பச்சைச் சேலை, மறுபடி மஞ்சள்.

எனக்கு ஒரே பெருமை. "அப்பா உன்னத்தான்மா எடுத்துருக்காரு" என்றேன்.

அம்மா ஒரு படத்திலேயே நின்றுவிட்டாள். அதில் அவளுக்குப் பின்னால் நீலச்சட்டை போட்ட ஒருவர் கொய்யாத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வேறு சில படங்களிலும் அவர் இருந்தார். அவர் மீசையின் நரைகூடத் துல்லியமாக விழுந்திருந்தது. முன்னால் நின்ற அம்மாதான் மங்கலாக இருந்தாள். கடைக்காரர் காட்டியதோ வேறு மாதிரி. முன்னால் நிற்பவர் தெளிவாகவும் பின்னால் இருப்பது மங்கலாகவும் அல்லவா வர வேண்டும்? லென்ஸ் பழுது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. இம்புட்டுச் சோதித்து வாங்கியும் அப்பாவை ஏமாற்றிவிட்டார்களே என்று கவலையாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது அதை அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, அந்த லென்ஸ் சரியில்ல. அம்மா முன்னாடி நிக்குறாங்க, மங்கலா தெரியுறாங்க. பின்னாடி நிக்குற மாமாதான் தெளிவா இருக்காரு."

அப்பாவின் கை தோசையில் நின்றது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"எம்புட்டு நாளா பாக்குறீங்க?"

"லென்ஸ் வாங்குனதுலேருந்துதான்."

"அதுக்கு முந்தி?"

அப்பா தட்டை ஓரமாக நகர்த்தினார். "அதுக்கு முந்தி கண்ணுக்கு எட்டல."

"அவரு என் ஆபீஸ்ல வேலை பாக்குறவரு. அடுத்த தெருதான் வீடு. இன்னும் என்ன தெரியணும்? கேளுங்க, சொல்றேன்."

அப்பா கேட்கவில்லை. கை கழுவ எழுந்து போனார். அவர்கள் சண்டை போடவில்லை என்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நான் நினைத்தேன். லென்ஸைக் கடைக்கு எப்போது கொண்டு போவோம் என்று மறுநாளும் கேட்டேன்.  அப்பா அதன் பிறகும் சில நாள் மாடிக்குப் போனார். கேமரா இல்லாமல் போனார்.

அம்மாதான் பஸ்ஸில் எங்கள் ஸ்டாப் வரை வருவதை விட்டுவிட்டாள். ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, எங்கள் மாடியிலிருந்து தெரியாத பின்தெரு வழியாகச் சுற்றி நடந்து வர ஆரம்பித்தாள். இந்த வெயிலில் எதற்கு நடக்கிறாய் என்று கேட்டேன். "இப்படி வந்தாத்தான் கொஞ்சம் காத்தாட வர முடியுது" என்றாள்.

அந்தத் தெருவில் ஒரு மாவு மில்லும் திறந்த சாக்கடையும்தான் இருந்தன. அப்படி என்ன காற்று என்று பார்க்க நானும் இரண்டு மூன்று நாள் அந்த ஸ்டாப்புக்குப் போய்க் காத்திருந்து அவளோடு நடந்து வந்தேன். அம்மா என் கையை ஆட்டிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி மெதுவாக நடந்தாள். எனக்கு வியர்த்ததுதான் மிச்சம்.