ஊதாத மெழுகுவர்த்தி

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாசம், பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் நடந்தது இது. வெளியே காற்று ஜன்னல் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பாயில் என் வீட்டுக்காரர் மடியில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வைத்துக்கொண்டு, மானம் போகிறதே என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஏரல் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்து, அண்டாவுக்கும் குடத்துக்கும் பேரம் பேசுகிற ஆள் அவர். அந்த மீசைக்கும் அந்தப் பொம்மைக்கும் கொஞ்சமும் ஒட்டவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்களுக்கு ஒரே பையன். அப்போது அவனுக்கு நாலு வயசு முடிந்திருந்தது. பேச்சு வரவில்லை. ஒன்றிரண்டு சொல் வரும், வந்த வேகத்தில் போய்விடும். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். கடையில் இருக்கும் டம்ளர்களை எல்லாம் வரிசையாக அடுக்குவான். யாராவது அதில் ஒன்றை எடுத்துவிட்டால் கடைவீதியே கூடும்படி கத்துவான். "ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு பையத்தான் வரும்" என்று ஊரே ஆறுதல் சொன்னது. பள்ளிக்கூடத்து மிஸ் மட்டும் ஆறுதல் சொல்லவில்லை. "ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிருங்கக்கா" என்றாள். அவளை மனசுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசுக்குள்ளோடு நிறுத்தினேனே, அதுவே பெரிசு.

பேச்சு வராவிட்டாலும் அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் நடுவில் ஒரு குறையும் இருந்ததில்லை. சாயங்காலம் ஆனால் அவனைக் கடைக்குக் கூட்டிப் போய், கல்லாப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, இவர் பாட்டுக்கு அவனிடம் பேசிக்கொண்டே இருப்பார். யார் என்ன வாங்கினார்கள், யார் விலையைக் கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, எல்லாம் அவனிடம் ஒப்பித்தாக வேண்டும். கடை அடைக்கும்போது சாமி படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கை அமர்த்தி அணைப்பது வரைக்கும் அந்தப் பேச்சு ஓடும். பிள்ளை பதில் சொல்லாதது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. "எதுத்துப் பேசாம நான் சொல்லுதத கேக்குத ஒரே ஆளு இவந்தான்" என்று என்னைக் குத்திக் காட்டுவார்.

கடைசியில் வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அவனைக் கூட்டிப் போனோம். சோதனை செய்த பெண் நல்ல மாதிரிதான், அவள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெட்டியைத் திறந்தாள். அதில் உள்ள சாமான்களை வைத்து, எந்தப் பிள்ளை வந்தாலும் ஒரே மாதிரி விளையாட்டுக் காட்டுவார்களாம். பிள்ளை என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்று பார்த்து, ஆட்டிசம் இருக்கிறதா, இருந்தால் எந்த அளவில் என்று சொல்வார்களாம். நாங்கள் ஓரமாக உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது. என்னைப் போய் வாயைத் திறக்காதே என்றால் எப்படி இருந்திருக்கும், பாருங்கள்.

பொம்மைக்குப் பிறந்தநாள் என்றாள். பிசைந்த மாவு மாதிரி ஒன்றைத் தட்டிக் கேக் செய்து, நடுவில் ஒரு குட்டி மெழுகுவர்த்தியைக் குத்தினாள். அது எரியவில்லை, எரிவதாகப் பாவனை. பாட்டுப் பாடிக் கை தட்டினாள். "ஊது, ஊது" என்றாள். இவன் வாயை இறுக மூடிக்கொண்டான். அவளே ஊதிக் காட்டினாள். இவன் சட்டென்று கேக்கின் ஓரத்தில் கொஞ்சம் பிய்த்து, மெழுகுவர்த்தியின் தலையில் அப்பி அமுக்கினான். அவள் பொறுமையாக அதை எடுத்துவிட்டு மறுபடியும் ஊதச் சொன்னாள். இவன் மறுபடியும் பிய்த்து அப்பினான். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டாள்.

பிறகு என்னிடம் கேள்வி கேட்டாள். வீட்டில் என்னவெல்லாம் செய்வான் என்றாள். பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தை வெளியாளிடம் வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கண் பட்டுவிடும். "ஒண்ணும் பெருசாச் செய்ய மாட்டான்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

ஆட்டிசம் தீவிரமாக இருக்கிறது, பாவனை விளையாட்டு அறவே இல்லை, சுற்றி நடப்பதும் சொல்வதும் அவனுக்குப் புரிவதாகத் தெரியவில்லை, சாதாரணப் பள்ளிக்கூடம் சரிப்படாது என்று முடிவு வந்தது. ஆட்டிசம் என்ற சொல்லைத் தாங்கிக்கொண்டோம். உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்ததுதானே. என் வீட்டுக்காரரைச் சாய்த்தது அந்தப் 'புரியவில்லை'. ஊர் வந்து சேர்ந்ததிலிருந்து அவர் பிள்ளையிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். கோபமெல்லாம் இல்லை. கடைக்குக் கூட்டிப் போவார், ஸ்டூலில் உட்கார வைப்பார், பிஸ்கட் வாங்கிக் கொடுப்பார். பேச்சு மட்டும் கிடையாது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏன் இப்பல்லாம் அவன்கிட்ட ஒண்ணும் பேச மாட்டேங்கீய?"

குடத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "புரியாத பிள்ளைகிட்ட என்னத்தளா பேச? இத்தன நாளும் சுவத்துகிட்டல்லா பேசிட்டு இருந்திருக்கேன்."

பிள்ளையும் மாறினான். கடை வாசலைக் கண்டாலே அழுதான். ஸ்டூலில் உட்கார வைத்தால் இறங்கி ஓடிவந்தான். ஓயாமல் பேசிக்கொண்டிருந்த குரல் திடீரென்று நின்றுபோனால் யாருக்குத்தான் அங்கே இருக்கப் பிடிக்கும்?

இந்த நிலைமையில்தான் அதே மிஸ் இன்னொரு செய்தி சொன்னாள். பாளையங்கோட்டையில் ஓர் இடத்தில், அந்த வெளிநாட்டுச் சோதனையை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொருந்துகிற மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். எது பொருந்தவில்லை என்று சொல்லப் பெற்றோர்களைக் கூப்பிடுகிறார்களாம். இவர் வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "அதையே இன்னொருக்கா காது குளிரக் கேக்கணுமாக்கும்?" என்றார். "வரலன்னா நாளைலருந்து கடைக்குச் சாப்பாடு வராது" என்றேன். வந்தார்.

அங்கே இருந்த உளவியல் நிபுணர் தென்காசிப் பக்கத்துப் பெண், என்னைவிடச் சின்னவள். வந்திருந்த பெற்றோர்களிடம், வார்த்தையைத் தமிழாக்கினால் மட்டும் போதாது, விளையாட்டும் பிள்ளைக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்று விளக்கினாள். பிறந்தநாள் கேக்குக்குப் பதிலாகக் குட்டி அடுப்பு, குட்டிப் பானை எல்லாம் வாங்கிப் பொங்கல் விளையாட்டுத் தயார் செய்து வைத்திருந்தாள். அவளுக்கு அதில் பெருமைதான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாளையங்கோட்டை டீச்சர் ஒருத்தர், கிறிஸ்தவக் குடும்பம், கையைத் தூக்கினார். "எங்க வீட்ல பானை வைக்க மாட்டோம்மா. எம் மகளுக்குக் கேக்குதான் தெரியும். மெழுகுவர்த்தியக் கண்டா மத்தவங்க பிறந்தநாளுக்கும் இவதான் முந்திக்கிட்டு ஊதுவா."

எல்லாரும் சிரித்துவிட்டோம். அந்தப் பெண் தலையில் தட்டிக்கொண்டாள். "எங்க வீட்டையே ஊருன்னு நெனச்சுட்டேன் பாத்தீங்களா?" என்றாள். விளையாட்டின் படிகள் எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும், விசேஷம் மட்டும் அந்தந்த வீட்டைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கே பேசி முடிவானது.

எங்கள் முறை வந்தபோது, பையன் என்னவெல்லாம் செய்வான் என்று அவளும் கேட்டாள். நானும் பழைய பாட்டையே பாடினேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "கண்ணு பட்டுரும்னு மறைக்கீங்களாக்கா? போகும்போது என் காலடி மண்ண வேணா எடுத்துட்டுப் போங்க. இப்ப உள்ளதச் சொல்லுங்க."

"மாடியில மண்ணுக்கு எங்கன போக?" என்று சிரித்தவள்தான், அதற்குப் பிறகு என் வாய் நிற்கவில்லை. டம்ளர் அடுக்குவது, அதில் அளவு தவறாமல் இருப்பது, பஸ் சத்தத்தை வைத்தே எங்கள் ஊர் பஸ் எது என்று கண்டுபிடிப்பது, எல்லாவற்றையும் கொட்டினேன். சமீபத்தில் வீட்டில் நடந்த விசேஷம் என்ன என்று கேட்டாள். காதுகுத்து என்றேன். குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு, என் தம்பி மடியில் உட்கார வைத்துக் குத்தினோம்.

மறுவாரம் அவனைக் கூட்டிப் போனபோது விளையாடியது அந்தக் காதுகுத்தைத்தான். அவள்தான் ஆசாரி, கையில் ஒரு தீக்குச்சி. "மாமன் மடி வேணுமே, அண்ணாச்சி நீங்க உக்காருங்க" என்றாள்.

"நான் அப்பன்லாம்மா?" என்றார் இவர்.

"இந்தப் பொம்மைக்கு நீங்க மாமன்தான் அண்ணாச்சி."

அப்படித்தான் அந்த மீசையும் பொம்மையுமாக அவர் பாயில் உட்கார்ந்தார். பையன் மூலையில் விளையாட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பொம்மையின் காதைத் தீக்குச்சியால் தொட்டு, குழந்தை அழுகிற மாதிரிச் சத்தம் கொடுத்தாள். தட்டுச் சத்தம் நின்றது. பையன் எழுந்து வந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பா மடிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, பொம்மையின் காதோடு வாயை வைத்து, 'ஃபூ' என்று ஊதினான். அவள் அடுத்த காதைத் தொட்டாள். அந்தப் பக்கம் நகர்ந்து போய் அந்தக் காதிலும் ஊதினான். பிறகு எழுந்து போய்த் தட்டு அடுக்க ஆரம்பித்துவிட்டான்.

அங்கே யாரும் அவனுக்கு ஊதிக் காட்டவில்லை. காதுகுத்து அன்றைக்கு, இவன் அழுகை அடங்கும்வரைக்கும் என் தம்பி அப்படித்தான் காதில் ஊதிக்கொண்டே இருந்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அந்தப் பெண்ணுக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் நாங்கள் கொண்டுபோயிருந்த பழைய ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அங்க எவ்வளவு சொல்லியும் ஊதலன்னு இருக்கே. இங்க யாரும் சொல்லாமலே ஊதுதானே, என்னக்கா?" என்றாள்.

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் பேசிவிட்டார். பொம்மை இன்னும் மடியில்தான் இருந்தது.

"வெளக்க வாயால ஊதப்புடாதும்மா. நாந்தான் சொல்லிக் குடுத்தேன். கடையில ஒருநா ஊதப் போனான். வாயால ஊதப்புடாது எய்யா, பூவ வச்சுத்தான் அமத்தணும்னேன். அதுலருந்து நான் பூ வைக்கத தெனமும் பாத்துட்டு இருப்பான்." பொம்மையின் காதைக் கட்டைவிரலால் தடவினார். "அன்னைக்குக் கேக்கப் பிச்சுப் பிச்சு வச்சானே... அங்கன பூ இல்லலா."

நானும் அன்றைக்கு அந்த மெழுகுவர்த்தியை இவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தேன். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. என்ன செய்யவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்ததில், என்ன செய்தான் என்பதைக் கோட்டைவிட்டிருந்தோம்.

ஆட்டிசம் இருக்கிறது என்றுதான் அவளும் சொன்னாள். அதில் ஒளிவுமறைவு இல்லை. பேச்சு எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னாள். ஆனால் பாவனை தெரிகிறது, கேட்டது மனசில் நிற்கிறது, அடுத்தவர் வலி தெரிகிறது, பேச்சுப் பயிற்சியோடு சாதாரணப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிப் பார்க்கலாம் என்றாள். விளக்கு விஷயத்தையும் எழுதி வைத்துக்கொண்டாள். இனி ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைக்கு எதெல்லாம் செய்யக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் முதலிலேயே கேட்கப்போவதாகச் சொன்னாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பிள்ளை ஜன்னலோரம் இவர் மடியில் இருந்தான். இவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "அவன் ஊதுன காத்து என் கையிலயும் பட்டுதுளா."

ஸ்ரீவைகுண்டம் பாலத்தில் பஸ் ஏறியது. "ஏலே, இன்னா ஆறு வந்துட்டு பாத்தியா? தண்ணி நல்லாப் போகுது. நேத்து ஒரு ஆச்சி கடைக்கு வந்தா, அவளுக்குப் பித்தளைக் குடந்தான் வேணுமாம், வெலையச் சொன்னா..." என்று ஆரம்பித்தார். பையன் ஆற்றைப் பார்க்கவில்லை. முன் சீட்டுக் கம்பியில் இருந்த திருகாணியைத் தடவிக்கொண்டிருந்தான். அவர் அதைச் சட்டை செய்யவே இல்லை. ஏரல் வந்து இறங்கும்வரை அந்த ஆச்சியின் பேரம் முடியவில்லை. நானும் குறுக்கே பேசவில்லை, என் வாழ்க்கையில் அது ஒரு அதிசயம்.

இப்போது அவன் இரண்டாம் வகுப்பு. கொஞ்சம் பேசுகிறான், இன்னும் நிறைய வர வேண்டும். கத்துகிற நாட்களும் உண்டு. கடையில் விளக்கை அமர்த்துவது இப்போது அவன் வேலை. செவ்வந்திப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பா அன்றைய கதை முழுவதையும் சொல்லி முடிக்கிறவரை விளக்குக்கு முன்னாலேயே நிற்பான், முடிந்த பிறகுதான் பூவை வைப்பான். அவன் அப்படிக் காத்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், பதில் வரவில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையிடமும் பேச்சை நிறுத்திவிடக் கூடாது என்று எனக்கு நானே மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன்.