பரஸ்தானம் போன பாஸ்போர்ட்

பூட்டிய வீட்டுக்குள் செல்போன் அடித்துக் கேட்டிருக்கிறீர்களா? முருகன் பாட்டு ரிங்டோன். முழுதாக அடித்து நிற்கும்... மறுபடி கூப்பிட்டால் மறுபடி அடிக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், மாசி மகத்தன்று மதியம், செங்கல்பட்டில் எங்கள் பக்கத்து வீட்டு வாசலில் நின்று அதைக் கேட்டேன். உள்ளே இருந்தது ஏழுமலையின் போன் மட்டும் இல்லை. என் மகள் யாழினியின் பாஸ்போர்ட்டும்.

வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும். சொன்ன பிறகும் சரியாகச் சொன்னேனா என்று சந்தேகம் இருக்கும்.

யாழினி எங்களுக்குத் தாமதமாகப் பிறந்த ஒரே பெண். பிளஸ் டூ முடித்ததும் பொத்தேரி காலேஜில் கிடைத்த சீட்டை வேண்டாம் என்றாள். ஒரு வருஷம் வீட்டிலிருந்து ஜெர்மன் படித்து, ஜெர்மனியிலேயே டிகிரி சேர்வேன் என்றாள். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் எதையும் இருமுறை சரிபார்த்தே வேலை செய்து பழகிய எனக்கு, வருஷத்தைக் காலியாக விடுவது புரியவில்லை. தைரியமாக 'வேண்டாம்' சொல்லவும் வரவில்லை.

அந்த ஒரு வருஷம்...

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "பொண்ணு இன்னா பண்ணுது?" என்பார்கள். "வீட்லதான் இருக்கா." "சும்மாவா?" கொஞ்ச நாளில் அவள் கல்யாணங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

கடைசியில் இடம் கிடைத்தது. விசா மட்டும் இழுத்தடித்து வந்தது. விமானம் போய் இறங்கும் நாளுக்கு மறுநாள்தான் கல்லூரியில் சேரக் கடைசி நாள்.

கிளம்பும் நாளில் அவளுக்குச் சந்திராஷ்டமம். என் மனைவி பரஸ்தானம் வைத்தே ஆகவேண்டும் என்றாள். தெரியாதவர்களுக்காக... பயண நாள் சரியில்லை என்றால், முன்னதாக ஒரு நல்ல நேரத்தில் ஒரு பையை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. கிளம்பும்போது பையை எடுத்துக்கொண்டு போகலாம். சாதாரணமாக ஒரு துண்டும் இரண்டு துணியும் வைப்பார்கள்.

என் மனைவி ஏழுமலை வீட்டில் வைத்த பையில் பாஸ்போர்ட் ஃபைலையும் வைத்திருக்கிறாள். அவளுடைய நியாயம் பிறகுதான் தெரிந்தது. "துண்ட வச்சா துண்டுதாங்க போகும்!"

காலையிலிருந்து இரண்டு முறை கேட்டேன், "ஃபைல் எங்கே?" என்று. இரண்டு முறையும், "பையிலதாங்க இருக்கு." எந்தப் பை என்று கேட்கத் தோன்றவில்லை.

கார் வந்தது. "யாழி, ஏழுமலை வீட்ல பைய எடுத்துட்டு வந்துடும்மா," என்றாள் மனைவி. போனவள் வெறுங்கையோடு வந்தாள்.

"பூட்டியிருக்கும்மா."

ஃபைலும் அந்தப் பைக்குள்தான் என்று மனைவி அப்போதுதான் சொன்னாள்.

எதிரே இஸ்திரி வண்டியிலிருந்து முனுசாமி குரல் கொடுத்தார். "காலைலியே கௌம்பிட்டாங்க சார். மகாபலிபுரம், கடல்ல முழுக்கு போட. பொழுது சாஞ்சிதான் வருவாங்க. இன்னா சார் மேட்டரு?"

சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டார்.

"பாஸ்போட்ட போயி அடுத்த வூட்ல வச்சிகினு... படிச்சவங்க சார் நீங்க!"

மாசி மகக் கூட்டத்தில், போன் இல்லாத ஒருவரைக் கடற்கரையில் எங்கே தேடுவது?

"ஒடைச்சிடலாம் சார். நம்ம ஏழுமல தானே, ஒண்ணும் சொல்லாது."

அடுத்தவர் வீட்டு கேட்டைக்கூடக் குரல் கொடுக்காமல் திறந்தவனில்லை நான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். யாழினி பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"இன்னொரு வருஷம் என்னால முடியாதுப்பா."

"உடைங்க முனுசாமி," என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை. என் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

முனுசாமி கம்பியை விட்டு நெம்ப, நாதாங்கி பெயர்ந்து விழுந்தது. விமானத்தைப் பிடித்துவிட்டோம்.

சாயங்காலம் ஏழுமலை வீட்டுக்குப் போனேன். தலை ஈரம் காயாமல் நின்றிருந்தார்.

"கதவு கெடக்கு வுடு சார். பாப்பா போய்ச்சா?"

"போயிட்டா."

"ஆனா இன்னாத்துக்கு சார் ஒடைச்ச? சாவிய உங்க கேட்டுல மாட்டியிருக்கிற பால் பையிலதானே போட்டுட்டுப் போனேன்!"

போய்ப் பார்த்தேன். இருந்தது... பால் பாக்கெட்டை எடுத்தபோது அடியில் யாரும் கைவிட்டுப் பார்க்கவில்லை. இதை யாழினியிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. வீடியோ காலில் சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

போன மாதம் விடுமுறைக்கு வந்து திரும்பினாள். கிளம்பிய நேரம் ராகு காலம். மனைவி காலண்டரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், டிபன் கட்டப் போய்விட்டாள். பெட்டிகளை யாழினியே இறக்கினாள்.

"கேப் வந்துடுச்சுப்பா. நீங்க ஏர்போர்ட் வரவேணாம், டிராஃபிக்ல மாட்டிப்பீங்க."

ஏழுமலை அவர் வாசலிலிருந்து கத்தினார். "இன்னா பாப்பா, எதுனா வுட்டுட்டியா? கதவு ரெடியா கீது!"

"எல்லாம் எடுத்துக்கிட்டேண்ணா!"

கார் தெருமுனையில் திரும்பியது. உண்மையிலேயே எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை.

அன்று அந்தப் பூட்டைப் பார்த்தபோது வந்த அதே திடுக்கிடல் எனக்கு வந்தது. அன்று இவள் போகமுடியாமல் ஆகிவிடுமோ என்று. இந்த முறை, இவ்வளவு சுலபமாகப் போய்விட்டாளே என்று... விமான நிலையத்துக்குப் போகலாம் என்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.

ஏழுமலை சட்டையைப் பார்த்தார்.

"வா சார், டீ சாப்ட்டு வரலாம்."

போனேன்.