அம்மா நிமிராத ஆட்டம்

கல்லுப்புப் பொட்டலத்தைப் பிரித்ததும் வந்த ஈரவாடையில் அத்திப்பட்டு உப்பளம் நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே கன்டெய்னர்களை அடுக்கியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் பள்ளி விட்டதும் நான் வரப்பில் உட்கார்ந்து பறவைக் குரல்களுக்குச் சொல் தேடுவேன். குனிந்து உப்பு வாரும் அம்மா, நான் சொல்வதைக் கேட்டு நிமிராமலே பறவையைக் கண்டுபிடித்தால்தான் அந்தச் சொல் என் நோட்டில் ஏறும். காகம், மீன்கொத்தி, நாரை ஏறிவிட்டன. ஆள் வந்தால் கத்தும் ஆள்காட்டிதான் ஒரு மாதமாகப் பிடிபடவில்லை.

“டிட்டிட்டீ.”

“இன்னாடி, மிக்ஸியா?”

“கிரீட் கிரீட்.”

“உங்க நைனா சைக்கிளு.”

எரிச்சலில் ஒருநாள் எங்கள் பேச்சையே எடுத்துக் கத்தினேன்: “இன்னாகீது! இன்னாகீது!”

அம்மா நிமிர்ந்தே விட்டாள். “ஆள்காட்டிடி! மேஸ்திரி வந்தா அப்டித்தான் கேக்கும்!” என்று சிரித்தாள். ஆட்ட விதி மீறல்தான், ஆனாலும் எழுதிக்கொண்டேன்.

இன்று உப்பை ஜாடியில் கொட்டியபடி “இன்னாகீது” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை.

“ஆள்காட்டி,” என்றாள்.