சுமதிக்கு ஒரு வரி

சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டால் நான் மறுப்பதில்லை. ஓய்வுபெற்ற டீச்சருக்கு ஊரில் அந்த ஒரு மரியாதையாவது மிஞ்சியிருக்கிறதே! அப்படித்தான் போன வெள்ளிக்கிழமை மாத்தளை டவுனில் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசின் ஆபீசில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததிலிருந்து வியர்த்துக் கொட்டியது. அதற்குக் காரணம் வெயில் இல்லை.

அன்று இரவு ஊரடங்கு. பகலிலேயே கடைகளைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். யார் சொன்னார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்... உங்கள் ஊரிலும் யாராவது சொல்லிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? நொத்தாரிசின் கிளார்க் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அடிக்கடி குனிந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கூட்டிவந்த வேன்காரர் வேறு ஹோர்ன் அடித்து அவசரப்படுத்தினார்.

காரியம் என் பக்கத்து வீட்டுக்காரர்களுடையது. செல்லையா அண்ணன் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவரும் மனைவி பார்வதி அக்காவும் யட்டவத்த ரோட்டில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள். வீட்டைச் சுற்றி மிளகுக் கொடிகள், நாலைந்து கராம்பு மரங்கள். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் ரவிக்கு வெளிநாட்டு விசா வந்துவிட்டது. திங்கட்கிழமை பிளேன்.

இளையவள் சுமதி. முப்பதை நெருங்குகிறாள். தானே குளிப்பாள், தானே சாப்பிடுவாள். ஆனால் தனியே விட முடியாது. பிறந்ததிலிருந்தே மூளை வளர்ச்சி குறைவு. காசு தெரியாது, நேரம் தெரியாது, அந்நியர் யாராவது அதட்டிக் கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. நாடு இருக்கிற இருப்பில் அந்தக் கடைசிக் குறை ஒன்று போதாதா?

அவளுக்கென்று வீட்டில் ஒரு வேலை உண்டு. பொழுது சாய்ந்ததும் கேட்டைப் பூட்டுவது. அதில் மட்டும் யாரும் கைவைக்க முடியாது.

போன மாதம் பார்வதி அக்கா நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த நாட்களில் சுமதி பட்டப்பகலிலேயே கேட்டைப் பூட்டிக்கொண்டாள். சோறு கொண்டுபோன என்னையும் உள்ளே விடவில்லை. "அம்மா வரட்டும்... அம்மா வரட்டும்..." இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். நல்லவேளை, அந்தத் தடவை அம்மா வந்துவிட்டார். அடுத்த தடவை?

அந்தக் கேள்விதான் சுமதி உட்பட எங்கள் எல்லாரையும் அந்த ஆபீசுக்குக் கொண்டுவந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வீடும் காணியும் பார்வதி அக்கா பேரில்தான் இருக்கின்றன. வாங்கிய காலத்தில் அண்ணனுக்குப் பிரஜாவுரிமை வந்திருக்கவில்லை. அக்காவுக்கு அவர் தகப்பன் வழியில் வந்திருந்தது. அதனால் அவர் பேரில் எழுதினார்கள். பிறகு அதை எல்லாரும் மறந்தே போனார்கள். நொத்தாரிசிடம் பேசியது, உறுதிப் பத்திரம் எழுதச் சொன்னது, வேன் பிடித்தது எல்லாமே அண்ணன்தான். அக்காவின் வேலை கையெழுத்துப் போடுவது மட்டும்.

கையெழுத்துக்கு முன்னால் உறுதியை உரக்க வாசித்துக் காட்டவேண்டும் என்பது முறை. நொத்தாரிசு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். வீடும் காணியும் மகன் ரவிக்கு நன்கொடை. தாய் தகப்பன் இருவருக்கும் சாகும்வரை அங்கே இருக்கச் சீவிய உரித்து. கிழக்கே ரோட்டு, மேற்கே ஓடை... வாசித்து முடிந்தது. கிளார்க் பேனாவை நீட்டினார்.

பார்வதி அக்கா பேனாவை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"சுமதி பேரு வரலையேங்க ஐயா?"

நொத்தாரிசு அண்ணனைப் பார்த்தார். "நான் அன்னைக்கே கேட்டேனே செல்லையா, மகளுக்கு என்னன்னு?"

"ரவி பாத்துக்குவான் ஐயா. கூடப் பொறந்தவனுக்குப் போயி கண்டிஷன் போட்டு எழுதுறதா? நாலு பேரு கேட்டா என்ன நெனைப்பாங்க?"

அந்த நாலு பேரைத்தான் நானும் வாழ்நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒருநாளும் அகப்படவில்லை. ஒன்று கவனித்திருக்கிறீர்களா? கடைக்காரனிடம் கூச்சமில்லாமல் பில் கேட்கிறோம். சொந்த மகனிடம் ஒரு வரி எழுதிக் கேட்க நாக்கு எழும்புவதில்லை. கேட்டால் பாசம் குறைந்துவிடுமாம்!

ரவியின் முகம் சிவந்துவிட்டது. "அம்மா, நான் தங்கச்சிய நடுரோட்டுல விட்ருவேன்னு நெனைக்கிறீங்களா?"

"விட மாட்ட."

"அப்புறம் என்னம்மா?"

வெளியே ஒரு கனமான வாகனம் வரும் சத்தம். கிளார்க் ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டார். அறை கும்மிருட்டு. வாகனம் வாசலுக்கு நேரே வேகம் குறைந்தது. அந்த இருட்டில் சுமதி எழுந்துபோய் ஷட்டரில் தாழ்ப்பாளைத் தேடித் தடவினாள். சத்தம் கேட்டுவிடுமோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. வாகனம் நகர்ந்து போனது. கிளார்க் ஷட்டரை ஒரு சாண் தூக்கினார்.

"பார்வதி, போடு கையெழுத்த," அண்ணன் கெஞ்சினார். "மத்ததப் பொறகு பாப்போம். திங்கக்கெழம புள்ள போறான். இதுக்கு அவனும் கையெழுத்துப் போடணும். இன்னைக்கு விட்டா நாளைக்கு ரோடு தொறந்திருக்குமோ என்னமோ..."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்குமே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. ஆனால் அக்கா அசையவில்லை. மகனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். குரல் ஏறவே இல்லை.

"எங்கப்பா சாகுறப்ப நாங்க தோட்டத்து லயத்துல இருந்தோம். அவரு பேரு வேலைக்காரங்க செக்ரோல்ல இருந்தவரைக்கும் அந்த ஒத்த ரூம் காம்பரா எங்களோடது. அவரு போனதும் பேரும் போச்சு. அப்ப இருந்த தோட்டத்துத் தொர நல்லவரு. 'நீங்க இருங்க, நான் பாத்துக்கிறேன்'னாரு. சொன்னபடி இருக்கவும் விட்டாரு. கொஞ்ச நாள்ல அவரு வேற தோட்டத்துக்கு மாறிப் போயிட்டாரு. புதுசா வந்தவருக்கு நாங்க யாரு? காம்பரா வேலைக்காரங்களுக்கு வேணும்னாரு. போகச் சொன்னாங்க. சட்டி பானையத் தூக்கிட்டுப் போனோம். அவரும் கெட்டவரு இல்ல ரவி. ரெண்டு பேருமே நல்லவங்கதான்."

ஷட்டர் பக்கம் நின்ற சுமதியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ஒன்னய நான் நம்புறேன்யா. ஒனக்குப் பொறகு வர்றவங்கள எனக்குத் தெரியாதே."

அண்ணன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் லயத்தில் பிறந்தவர்தானே? அவருக்குத் தெரியாத கதையா? சொந்த வீடு என்று ஒன்று வந்ததும் மறந்துபோயிருக்கும். மனுஷர்கள் அப்படித்தான்.

ரவி விடவில்லை. "வீட்ட எழுதினா சரியாம்மா? அவளுக்குச் சோறு போட ஆளு வேணாமா?"

"வேணும். சோறு போட ஆளத் தேடிக்கலாம். எங்க ஒக்கார வெச்சுப் போடுறது?"

ரவி தங்கச்சியைப் பார்த்தான். அவள் இன்னும் ஷட்டர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். பிறகு நொத்தாரிசு பக்கம் திரும்பினான்.

"எழுதுங்க ஐயா. அவ உசிரோட இருக்கிறவரைக்கும் நானும் விக்க ஏலாத மாதிரி எழுதுங்க."

கிளார்க் முனகினார். முனகிக்கொண்டே டைப்ரைட்டரில் புதுத் தாளைச் செருகினார். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். மறுபடி முழுவதையும் வாசிக்க வேண்டும். அதுதானே முறை? கிழக்கே ரோட்டு, மேற்கே ஓடை... இந்த முறை தாய் தகப்பனுக்குப் பிறகு சுமதியின் பேர் வந்தது. அவள் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் இருக்கும் உரித்து அவளுக்கு; அதுவரை விற்கவோ ஈடு வைக்கவோ யாராலும் முடியாது. பார்வதி அக்கா பேனாவை எடுத்தார். நிதானமாக, கோணல் இல்லாமல் பேரை எழுதினார். அடுத்து ரவி. பிறகு நானும் கிளார்க்கும் சாட்சி.

வேன் பறந்தது. செக்பொயின்டில் டோர்ச் அடித்து எல்லார் முகத்தையும் பார்த்தார்கள். ஒரு சிப்பாய் சுமதியிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டான். அவள் விழித்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார். போகச் சொல்லிக் கை காட்டினான்.

அந்தக் கைக்கு இன்னும் மாற்று ஆள் கிடைக்கவில்லை. உறுதியில் அதை எழுத முடியாது. அக்காவின் ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருத்தி விதவையாகத் தனியே இருக்கிறாராம். அவரை வந்து கூட இருக்கச் சொல்லிக் கேட்கப் போகிறார்கள். வரவேண்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் வந்தால் இருக்க ஓர் இடம் இருக்கிறது. அந்த மட்டுக்கும் எனக்கு நிம்மதி.

வீட்டு வாசலில் இறங்கினோம். எல்லாரும் உள்ளே போனார்கள். நான் கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே நின்ற அக்காவிடம் ஒரு வார்த்தை பேசிக்கொண்டிருந்தேன். ரவி கேட்டைப் பூட்ட வந்தான். சுமதி அவன் கையைத் தட்டிவிட்டாள். சங்கிலியைத் தானே சுற்றினாள், பூட்டைப் போட்டாள், இழுத்துப் பார்த்தாள். பிறகு கம்பிகளுக்கு நடுவே என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"டீச்சர், இருட்டிருச்சு. வீட்டுக்குப் போங்க."

வீட்டுக்காரி போகச் சொன்னால் போகத்தானே வேண்டும்?