கொளஞ்சியப்பன் வாங்காத மூன்று காசு

ஒரு நாட்டில் எந்தெந்தக் காசு புழங்கவேண்டும் என்பதை டில்லியில் உட்கார்ந்து முடிவு செய்வதாகப் பேப்பரில் போடுகிறார்கள். போட்டுவிட்டுப் போகட்டும். கள்ளக்குறிச்சியில் எது ஓடும், எது ஓடாது என்று முடிவு செய்வது பஸ் நிலையத்து டீக்கடையும் பூக்கடையும் கண்டக்டர் தோளில் தொங்கும் தோல்பையும்தான். அந்தப் பையை முப்பது வருடம் சுமந்தவர் கொளஞ்சியப்பன். எலவனாசூர்கோட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்த குடும்பம். தூரத்து மாமன் ஒருவர் சிபாரிசு செய்ய, தனியார் பஸ் ஒன்றில் ஏறினார். அதன் பிறகு இறங்கவே இல்லை. காலையில் வெள்ளிமலையிலிருந்து இறங்கி, பகலெல்லாம் கள்ளக்குறிச்சிக்கும் தியாகதுருகத்துக்கும் நடை அடித்துவிட்டு, சாயங்காலம் ஐந்தரைக்கு மறுபடி மலை ஏறுகிற வண்டி அது.

பைக்குள் கையை விட்டால் எந்தக் காசு என்று அவர் விரலுக்கே தெரியும். பத்துப் பைசாவின் நெளிந்த விளிம்பிலிருந்து எல்லாக் காசையும் அவர் பார்த்திருக்கிறார். நாலணாவைச் சர்க்கார் நிறுத்தியபோது வீட்டில் ஒரு டப்பா நிறைய மாட்டிக்கொண்டது. எட்டணாவைச் சர்க்கார் நிறுத்தவேயில்லை, ஊர் நிறுத்திவிட்டது. இதைப் பற்றியெல்லாம் கொளஞ்சியப்பனுக்கு அபிப்பிராயம் உண்டு. ரெண்டாயிரம் ரூபாய் நோட்டு யாருக்கு வேண்டும், ஏழு ரூபாய்க்கு ஒரு காசு அடித்தால் என் தொண்டைத் தண்ணீராவது மிச்சமாகும் என்று டீக்கடையில் பேசுவார். டில்லிக்காரர்கள் அவரைக் கேட்டிருக்கலாம்.

அப்புறம் வந்தது அந்தப் பத்து ரூபாய்க் காசு. நடுவில் வெள்ளையும் சுற்றிலும் மஞ்சளுமாகப் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் ஊரில் அதிகமாகப் புழங்க வந்த நேரம் சரியில்லை. பெரிய நோட்டுகள் செல்லாது என்று ஒரே ராத்திரியில் அறிவித்து, ஜனங்களை பாங்க் வாசலில் நிற்கவைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. யாருக்கும் எந்தப் பணத்தின் மேலும் நம்பிக்கை இல்லை. ஒரு காசில் ரூபாய்க் குறி இருக்கிறது, இன்னொன்றில் இல்லை, ஆகவே ஒன்று கள்ளக்காசு என்று எவனோ கிளப்பிவிட்டான். எது கள்ளக்காசு என்று அவன் சொல்லவில்லை. அதனால் ஊர் இரண்டையும் வாங்க மறுத்தது. எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்பச் சொன்னது. யார் காதில் விழுந்தது?

பஸ் முதலாளியின் ஆபீஸில் சட்டம் இன்னும் கறார். சாயங்காலம் கட்டுகிற வசூலில் பத்து ரூபாய்க் காசு இருந்தால் திருப்பித் தள்ளிவிடுவார்கள், அது கண்டக்டரின் தினப்படியில் கழியும். கூட்ட நெரிசலில் தெரியாமல் வாங்கிவிட்ட காசை என்ன செய்வது? அதற்குக் கண்டக்டர்களிடம் ஒரு வழி இருந்தது. மலை ஜனங்களுக்கு இந்தச் சங்கதி இன்னும் எட்டவில்லை. காலையில் மலையிலிருந்து ஏறுகிறவர்களுக்கு மீதியாகக் கொடுத்துவிட்டால் போயிற்று. "மேல தள்ளிவுடு" என்பார்கள். அதைத் தப்பு என்று யாரும் நினைக்கவில்லை. கொளஞ்சியப்பனும் நினைக்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினேழு, ஐப்பசி மாதம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரம். காலை நடையில் மலைக் கிராமம் ஒன்றில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மஞ்சள் பையோடு ஏறி நூறு ரூபாய் நீட்டினாள். டிக்கெட் முப்பது. மீதி எழுபதுக்கு நாற்பதை நோட்டாகக் கொடுத்து, மூன்று பத்து ரூபாய்க் காசை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைத் திருப்பிப் பார்த்து, அழகாக இருப்பதாக நினைத்தாளோ என்னவோ, புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். முன்னங்கையில் தேள் பச்சை குத்தியிருந்தது அவருக்கு நினைவில் நின்றது. மூன்று காசு ஒழிந்தது என்று அவர் நிம்மதியாக டீ குடித்தார்.

சாயங்காலம் அதே பெண் அதே வண்டியில் ஏறினாள். பையில் பிள்ளைக்கு வாங்கிய இருமல் மருந்து பாட்டிலின் தலை தெரிந்தது. கூட்டம் பிதுங்கியது. கச்சிராயபாளையம் தாண்டி, மலையடிவாரத்தை நெருங்கும்போதுதான் கொளஞ்சியப்பனால் அவளிடம் போய்ச் சேர முடிந்தது. முடிச்சை அவிழ்த்து, திரும்பிப் போவதற்கென்றே வைத்திருந்த மூன்று காசையும் நீட்டினாள். இது செல்லாது, வேறு கொடு என்றார். வேறு இல்லை.

"இது காலையில நீங்க குடுத்ததுங்க" என்றாள்.

அவள் சத்தம் போடவில்லை, ஞாபகப்படுத்துகிற குரலில்தான் சொன்னாள். ஆனால் வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கொளஞ்சியப்பனுக்கு முகம் சிவந்துபோயிற்று. அந்த ஒரு நொடியில் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். முப்பது ரூபாய் நஷ்டத்தோடு முடிந்திருக்கும்.

"நான் எதுக்கும்மா குடுக்கப் போறேன்? எங்கியோ ஏமாந்து வாங்கிக்கினு வந்து என் தலையில கட்டுறியா?"

மலைக்காரர்களும் இப்போது விவரமாகிவிட்டார்கள் என்று பின்சீட்டில் ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். வண்டியில் அறுபது பேர் இருந்தார்கள். அத்தனை பேர் மடியிலும் முப்பது ரூபாய் இருந்தது. பொய் சொல்கிறவளுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டார்கள். அந்தப் பொய்யை அவள் மேல் ஒட்டியவர் விசிலை ஊதினார். மலை ஏறும் இடத்துப் புளியமரத்தடியில் அவள் இறங்கினாள். பிள்ளை தனியாக இருக்கிறது என்று இறங்கும்போது ஒருமுறை சொன்னாள். பின்கண்ணாடியில் மஞ்சள் பையைத் தலைமேல் பிடித்தபடி அவள் நின்றது தெரிந்தது, அப்புறம் மழை மறைத்துவிட்டது.

மறுநாள் காலை இறங்கும்போது அவர் பார்த்தார். மரத்தடியில் யாரும் இல்லை. எப்படி இருப்பாள், வேறு வண்டி கிடைத்துப் போயிருப்பாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஆனால் அதுதான் கடைசி வண்டி என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? மேலே அவள் ஊருக்குப் பதினைந்து கிலோமீட்டர் காட்டுவழி. ஓடைகள் நிரம்பி ரோட்டின் மேல் ஓடின இரவு அது. ஒரு மாதம் பேப்பரை ஒரு வரி விடாமல் படித்தார். ஒன்றும் வரவில்லை. வெள்ளிமலைச் சந்தையில் விசாரித்தார். பெயர் தெரியாமல், தேள் பச்சை குத்திய பெண் என்று கேட்டால் யார் சொல்வார்கள்? மலையில் பாதிப் பேர் கையில் பச்சை இருந்தது. தினமும் தன் வண்டியில் ஏறுகிற ஒவ்வொரு முன்னங்கையையும் பார்த்தார். அவள் ஏறவேயில்லை. செத்துப்போனாள் என்று ஒரு நாள் நினைப்பார், இல்லை என்று மறுநாள் நினைப்பார். தூக்கத்தில் கையை மூடித் திறந்துகொண்டே இருக்கிறார் என்று அவர் மனைவி ராணியம்மாள் கோயிலில் கயிறு வாங்கிக் கட்டினாள்.

ஒரு சாயங்காலம் தூறலில் அந்தப் புளியமரத்தடியில் மஞ்சள் பையோடு ஒரு பெண் நின்றாள். கொளஞ்சியப்பன் விசில் அடித்தார். டிரைவர் சடையன் பிரேக் போட்டார். இறங்கிப் பார்த்தால் ஆள் இல்லை, மரமும் மழையும்தான். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், மலைச் சந்தைக்குப் பூக்கூடை கொண்டுபோகிற ஆண்டாள் என்ன என்று விசாரித்தாள். ஒரு பெண் நின்றாற்போல இருந்தது என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். அது போதுமாக இருந்தது.

தைப் பொங்கலுக்குள் மரத்தடியில் ஒரு கல் வந்துவிட்டது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வழித்துணையம்மன் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். மழையில் நின்று கண்டக்டருக்குக் காட்சி கொடுத்த அம்மன். சாயங்கால வண்டி அங்கே நிற்பதும், ஆண்டாள் கற்பூரம் ஏற்றுவதும், ஜன்னல் வழியாகக் காசு எறிவதும் வழக்கமாயிற்று. எறிந்ததெல்லாம் பத்து ரூபாய்க் காசு. கடையில் வாங்காத காசைச் சாமிக்குத்தானே போட முடியும்? கல்லைச் சுற்றி மஞ்சளும் வெள்ளையுமாகக் கிடக்கும், திருடக்கூட யாரும் வரவில்லை. கொளஞ்சியப்பன் படியில் நின்று அதைப் பார்ப்பார். ஜனங்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்திருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பார். தினமும் விசில் அடித்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

ஏழு வருடம் ஓடிற்று. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. ரெண்டாயிரம் நோட்டு வந்த வேகத்தில் போனது. பத்து ரூபாய்க் காசை யார் எப்போது வாங்கத் தொடங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் டீக்கடைக்காரர் பேசாமல் வாங்கிக் கல்லாவில் போட்டார், அப்புறம் எல்லாரும் வாங்கினார்கள். ஏன் ஏழு வருடம் வாங்கவில்லை என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருடம் ஐப்பசியில் ஒரு நாள் மலைக்குப் போகிற அரசு பஸ் பழுதாகி நின்றுவிட்டது. அதன் கூட்டமெல்லாம் கொளஞ்சியப்பன் வண்டியில் ஏறிற்று. கடைசியாக ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்துப் படி ஏறினாள். கம்பியைப் பிடித்த கையில் தேள் இருந்தது.

அவர் அவளிடம் போய்ச் சேரும்போது மறுபடியும் கச்சிராயபாளையம் தாண்டிவிட்டது. கூட்டத்தின் மேல் பழி போடமுடியாது. அவர்தான் எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்துவிட்டுக் கடைசியில் போனார். அவள் தலைப்பு முடிச்சை அவிழ்த்தாள். மூன்று பத்து ரூபாய்க் காசு. மடியில் கிடந்து கிடந்து மஞ்சள் மங்கியிருந்தது.

"இப்ப செல்லுதாமேங்க" என்றாள்.

செல்லும் என்று தலையை ஆட்டினார். ஆனால் டிக்கெட் நாற்பத்தைந்து ஆகியிருந்தது. அதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது, இன்னும் பதினைந்து ரூபாயை எண்ணி வைத்தாள். இத்தனை வருடம் எங்கே இருந்தாய் என்று கேட்டார். கேட்டது அவருக்கே கேட்கவில்லை.

"ஊருலதாங்க. உங்க வண்டியில நான் ஏறதில்ல."

ஏழு வருடம் ஒவ்வொரு கையாகத் தேடியவருக்கு அந்தப் பதில் போதும். செத்தவளைத் தேடியிருந்தால்கூட எங்காவது ஒரு பேச்சாவது கிடைத்திருக்கும். உயிரோடு இருந்தவள் அவர் வண்டி வரும்போது ரோட்டை விட்டு ஒதுங்கி நின்றிருக்கிறாள்.

வண்டி புளியமரத்தடியில் நின்றது. ஆண்டாள் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்து, வண்டிக்குப் புதியவளான அவளுக்கு அம்மன் கதையைச் சொல்லத் தொடங்கினாள். மழை கொட்டும்போது கண்டக்டர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தாள், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்துபோனாள் என்றாள். அந்தப் பெண் ஜன்னல் வழியாகக் கல்லைப் பார்த்தாள், குவிந்துகிடந்த காசைப் பார்த்தாள், பிறகு கொளஞ்சியப்பனைப் பார்த்தாள்.

"மறையலீங்க" என்றாள். "நடந்துதான் போனேன். ஓடையில வுழுந்து கால் போச்சு. விடிஞ்சுதான் வூடு சேர்ந்தேன்."

ஆண்டாளுக்கு ஒன்றும் புரியவில்லை. கொளஞ்சியப்பன் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அம்மன்லாம் இல்லீங்க. அந்த மூணு காச காலையில இவங்களுக்குக் குடுத்ததே நான்தான். சாயங்காலம் செல்லாதுன்னு எறக்கி வுட்டதும் நான்தான்."

அவர் அவளைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அது எனக்குத் தெரியுங்க. இவங்களுக்குத்தான் தெரியாது."

தன் ஊர் வந்ததும் காலை இழுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் பெயரைக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியபோது வண்டி இரண்டு வளைவு தாண்டிவிட்டது. மறுநாள் வசூலோடு அந்த மூன்று காசையும் ஆபீஸில் கட்டினார். எண்ணுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டிராயரில் தள்ளினார்.

சொல்லியாகிவிட்டது, இனி அந்தக் கல்லுக்கு வேலை இல்லை என்று கொளஞ்சியப்பன் நினைத்தார். மறுநாள் சாயங்காலம் விசிலைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். ஆனால் ஊர் அதற்குள் வேறு கணக்குப் போட்டிருந்தது. அம்மனே நொண்டிக்கொண்டு வண்டியில் ஏறி, கண்டக்டரைச் சோதித்துப் பார்த்து, அவர் வாயாலேயே பிழையை ஒப்புக்கொள்ளவைத்துவிட்டுப் போனாள் என்று ஆண்டாள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். அது ஒரு பொம்பளைதாங்க, மனுஷிதாங்க என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவர்கள் பக்தியோடு தலையை ஆட்டினார்கள்.

புளியமரத்தடியில் அவர் விசில் அடிக்கவில்லை. சடையன் தாமாகவே பிரேக் போட்டார். ஆண்டாள் கற்பூரத்தோடு இறங்கினாள், ஜன்னல்களிலிருந்து காசு விழுந்தது. எல்லா இடத்திலும் செல்லுகிற காசுதான் இப்போது, இருந்தும் போட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது. படியில் நின்றிருந்த கொளஞ்சியப்பன், யாரோ ஏறுவதற்கு வழிவிடுகிறவரைப் போல ஓரமாக ஒதுங்கினார். யாரும் ஏறவில்லை.