வெயிலில் வைத்த சீஸ்

நீலச் சீஸ் கெட்டுவிட்டதா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு இது எதற்கு என்று கேட்பார்கள். எதற்கும் இல்லை. அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த எந்த இடத்துக்கும் அந்தச் சீஸ் வரவில்லை. ஆனால் தெரியும். தெரிந்திருந்ததால்தான், ஓர் அக்காவுக்கு வேலை போனது என் அறியாமையால் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியவில்லை.

எண்பதுகளின் நடுவில் டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறி, எழும்பூர் வரை போகப் பயந்து தாம்பரத்தில் இறங்கினேன். அந்த ஊருக்கும் எனக்கும் அவ்வளவுதான் உறவு. சித்தாள் வேலை பார்த்தேன். லாரியில் கிளீனராகப் போனேன். குரோம்பேட்டையில் தோல் பதனிடும் கம்பெனியில் மூன்று வருஷம் இருந்தேன். நடுவில் கோவாவுக்கு ஓடிப்போய் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு, அதுவும் பிடிக்காமல் திரும்பி வந்தேன். தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டி என் நகங்களைத் தின்றுவிட்டது. மூக்கு மட்டும் தேறியது. உப்புப் போட்டு வரும் தோல் கட்டைப் பிரிக்கும்போதே, உள்ளே அழுகல் இருக்கிறதா என்று மேஸ்திரிக்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். அழுகல் தொடங்கிய தோலில் ஒரு காரம் வரும், பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்தில் வருவதுபோல. அது மூக்கில் ஏறாது, கண்ணில் ஏறும்.

தொண்ணூறுகளில் மறைமலை நகர்ப் பக்கம் புதிய தொழிற்சாலைகள் எழும்பியபோது, அவற்றில் ஒன்றுக்கு இயந்திரம் பூட்ட வெளிநாட்டிலிருந்து இன்ஜினியர்கள் வந்தார்கள். அவர்களில் நான்கு பேருக்காகச் சேலையூரில் ஒரு மாடி வீட்டை எடுத்துக் கெஸ்ட் ஹவுஸ் ஆக்கினார்கள். கோவா ஹோட்டலில் இருந்தவன் என்றதும் அதன் மேனேஜர் என்னைப் பரிமாறும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். அங்கே என்ன வேலை செய்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையும் அதில் ஒரு கட்டிலும் கொடுத்தார்கள். அதுவரை தொடர்ந்து ஒரு வாரம் நான் கட்டிலில் படுத்ததில்லை.

சமையலுக்கு மாடம்பாக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். நாற்பதைத் தாண்டியவர். கணவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்திருந்தார். அக்காவுக்கு ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. தொழிற்சாலை முழுதாக ஓடத் தொடங்கியதும் கேன்டீன் வரும். அதில் நிரந்தர வேலை கிடைத்தால் ஈ.எஸ்.ஐ. கார்டு கிடைக்கும். கார்டு கிடைத்தால் கணவருக்கு ஆபரேஷன் செய்துவிடலாம். நான்கு பேரில் இளையவரான இன்ஜினியர், அக்காவின் வஞ்சிர மீன் வறுவலுக்கு அடிமை. கேன்டீனுக்கு அக்காவை எடுக்கச் சொல்லித் தானே கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். அக்கா அதைத் தினமும் ஒரு தடவையாவது என்னிடம் சொல்வார்.

அந்த வருஷம் மே மாதம் இளைய இன்ஜினியர் லீவில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது வெள்ளித்தாளில் சுற்றிய இரண்டு கட்டிகளைக் கொண்டுவந்தார். பிரிட்ஜில் வைத்துவிட்டு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வேலைக்குக் கிளம்பிவிட்டார். பிரிட்ஜைத் துடைக்கும்போது ஒரு தாள் பிரிந்துகொண்டது. அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாபா இது, உள்ளல்லாம் பூஞ்ச பூத்துகினு கீது. பாவம், அவ்ளோ தூரத்துலேர்ந்து தூக்கியாந்துகீது அந்தப் புள்ள."

நானும் பார்த்தேன். வெள்ளைக் கட்டிக்குள் நீலமும் பச்சையுமாகப் பூஞ்சை ஓடியிருந்தது. தூக்கிப் போட்டிருந்தால்கூடப் பிரச்சினை சின்னதாகப் போயிருக்கும். ஆனால் எங்கள் வீடுகளில் பூஞ்சை பூத்த எதையும் தூக்கிப் போடுவதில்லை. ஊறுகாயில் பூத்தால் மேலாக வழித்துவிட்டு ஜாடியை வெயிலில் வைப்போம். புளிக்கும் பருப்புக்கும் வடாமுக்கும் அதே வைத்தியம்தான். அக்கா சின்னக் கத்தியின் நுனியால் நீலத்தை எல்லாம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நோண்டி எடுத்தார். மிஞ்சிய வெள்ளைத் துண்டுகளைத் தட்டில் பரப்பி, காக்கைக்குப் பயந்து மேலே ஒரு மெல்லிய துணியைக் கட்டினார். தட்டை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போனது நான். நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து வைத்ததும் நான்தான்.

மத்தியானத்துக்குள் தட்டில் எண்ணெய்தான் நின்றது.

சாயங்காலம் வந்த இன்ஜினியர் தட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தார். அக்காவைத் தட்டோடு நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். மேனேஜருக்குத்தான் அவமானம். அவர் தாம்பரத்து அரசு ஊழியர் காலனியில் வீடு கட்டியவர், இங்கிலீஷ் பேப்பர் படிப்பவர். "சீஸைக் கொண்டுபோய் வெயில்ல காயப்போடுவாளா ஒருத்தி?" என்று அன்று முழுக்கப் புலம்பினார். மாடிக்குத் தூக்கிப்போனது யார் என்று அவர் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

அதிலிருந்து அது ஒரு கதையாகிவிட்டது. கெஸ்ட் ஹவுஸுக்கு யார் சாப்பிட வந்தாலும் மேனேஜரே அதை இங்கிலீஷில் சொல்வார். வந்தவர்கள் அக்காவைப் பார்த்து வானத்தைக் காட்டுவார்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். பிரிட்ஜுக்குப் பூட்டு மாட்டி, சாவியை மேனேஜர் என்னிடம் கொடுத்தார். சீஸ் விஷயத்தில் நான் விவரமானவன் ஆனேன்.

இன்னொரு கட்டி மிச்சம் இருந்ததல்லவா, அதைக் காப்பாற்றிக்கொள்ள இன்ஜினியர் எனக்குச் சில விஷயங்களைக் காட்டினார். என்னைவிட வயதில் சின்னவர். மூக்கைச் சுருக்கியும் விரலால் தொட்டும் காட்டினாரே தவிர, அதிகம் பேசவில்லை. நீலம் இருக்கலாம், அது அதன் குணம். அதைச் சுற்றியுள்ள சதை வெள்ளையாகவோ வெண்ணெய் நிறமாகவோ இருக்க வேண்டும். பழுப்பு ஏறினால் சந்தேகம். ரோஜா நிறத்திலோ கறுப்பாகவோ வேறொரு பூஞ்சை பூத்தால் முடிந்தது. தொட்டால் உதிர வேண்டும், பிசுபிசுக்கக் கூடாது. தாளைப் பிரித்தவுடன் நெடி அடிப்பது சகஜம். பிரித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முகர்ந்து பார்க்க வேண்டும். நெடி தணிந்திருந்தால் நல்லது, அப்படியே நின்றால் கெட்டது.

இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தோல் கம்பெனியிலேயே தெரியும். அந்த நெடிதான் இந்த நெடியும்.

ஒவ்வொரு தடவை யாராவது ஊருக்குப் போய்த் திரும்பும்போதும் புதிய கட்டி வந்தது. நான் நிறையச் சீஸ் தின்றேன், பரிமாறிய தட்டுகளில் மிஞ்சியதை. முதலில் குமட்டியது, பிறகு பழகிவிட்டது. பசியோடு வளர்ந்தவனுக்கு எதுவும் பழகும்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. தாம்பரம் சப்வேயில் பஸ் மூழ்கி நின்றது. மூன்று நாள் கரண்ட் இல்லை. எங்களிடம் ஜெனரேட்டர் இருந்தது, ஆனால் சாயங்காலம் அறைகளுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் போதும் என்று மேனேஜர் உத்தரவு. இரண்டாம் நாள் அக்கா, மீன் மார்க்கெட்டில் ஐஸ் கட்டி வாங்கி வந்து பிரிட்ஜுக்குள் போடச் சொன்னார். நான் மேனேஜரைக் கேட்டேன். இந்தக் குளிரில் எதுவும் கெடாது என்றார் அவர். இடுப்பளவு தண்ணீரில் மார்க்கெட்டுக்கு நடக்க எனக்கும் மனமில்லை. அவர் பதில் எனக்கு வசதியாக இருந்தது.

நான்காம் நாள் கரண்ட் வந்தது. அதற்கு மறுநாள் மத்தியானம் அவர்களுடைய ஊரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் சாப்பிட வருவதாக இருந்தது. அவருக்காகவே ஒரு கட்டிச் சீஸை இளையவர் தொடாமல் வைத்திருந்தார். காலையில் நான் தாளைப் பிரித்தேன். நெடி அடித்தது. பிரித்தபடி மேசையில் வைத்துவிட்டு, மேலே நான்கு அறைகளையும் பெருக்கிவிட்டு வந்தேன். நெடி அப்படியே நின்றது. கண் எரிந்தது. வெள்ளைச் சதை பழுப்பாகியிருந்தது. ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு தீற்றல். விரலை வைத்தால் ஒட்டியது. நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசந்து, சுரீரென்று பிடித்தது.

அக்கா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"பூட்ச்சா?"

"போச்சுக்கா."

"சார் கைல போயி சொல்லிடு தம்பி. நா சொன்னா சிரிப்பாங்க."

சொன்னேன். மேனேஜர் மேசை விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அது எப்பவுமே நாத்தம்தாம்பா. அதுதான் அதோட டேஸ்ட்டு. எட்டாங்கிளாஸ் தாண்டாதவன் எனக்குச் சீஸ் பத்தி கிளாஸ் எடுக்கறியா? ஒருதடவை மானம் போனது போதும். பேசாம கட் பண்ணி வை."

கட் பண்ணி வைத்தேன். இளைய இன்ஜினியர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவரிடம் சொல்லியிருக்கலாம். 'பேட்' என்கிற ஒரு வார்த்தை போதும், அது எனக்குத் தெரியும். சொன்னால் மேனேஜருக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் கட்டில் போகும் என்று கணக்குப் போட்டேன். தின்று பார்த்து அவர்களே தெரிந்துகொள்ளட்டும் என்றும் நினைத்தேன்.

மேனேஜரையும் சேர்த்து ஆறு பேர் உட்கார்ந்தார்கள். பெரிய அதிகாரி சீஸை வாயில் போட்டு, ஒரு தடவை மென்று, காகிதத்தில் துப்பினார். இளையவர் ஒரு துண்டை எடுத்து முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தார். அவர் முகம் சிவந்துவிட்டது.

முதலில் வாயைத் திறந்தது மேனேஜர்தான். சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்த வார்த்தைகள் மூன்று: குக், சன், அகெய்ன். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். பெரிய அதிகாரிக்கும் யாரோ முன்பே சொல்லியிருக்க வேண்டும். மேசை முழுக்கச் சிரித்தது. துப்பியவரும் சிரித்தார்.

இளையவர் மட்டும் சிரிக்கவில்லை. பிரிட்ஜ் பூட்டியிருந்தது அவருக்குத் தெரியும், சாவி என்னிடம் இருப்பதும் தெரியும். அவர் என் பக்கம் திரும்பி, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டார். மறுபடியும் அந்த அம்மாதான் வெயிலில் வைத்தாரா? வெளியே ஐந்து நாளாக வெயிலே இல்லை. அது அவருக்குத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது. மேனேஜர் என்னைப் பார்த்தார். அடுப்படிக் கதவருகே அக்கா மீன் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

நான் தலையாட்டினேன்.

பெரிய அதிகாரி ஏதோ சொன்னார். அதில் கேன்டீன் என்ற சொல் வந்தது. இளையவர் தட்டைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றார். மீன் நன்றாக இருந்தது, மிச்சம் வைக்காமல் தின்றார்கள்.

மறுநாள் காலையில், இனி வர வேண்டாம் என்று மேனேஜர் அக்காவிடம் சொன்னார். அக்கா தன் சின்னக் கத்தியைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, ஊறவைத்த கொண்டைக்கடலை இருக்கிறது, தண்ணீர் மாற்றிவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். கடிதம் எழுதப்படவில்லை. கேன்டீன் திறந்தபோது வேறு யாரையோ எடுத்தார்கள்.

மனம் கேட்காமல் நானும் அந்த வேலையை விட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தேன். கட்டில் நன்றாக இருந்தது. நன்றாகவே தூங்கினேன். இன்ஜினியர்கள் வேலை முடிந்து போனார்கள், வீட்டுக்காரர் வீட்டைத் திரும்பக் கேட்டார், கெஸ்ட் ஹவுஸை மூடினார்கள். அப்போதுதான் பையைக் கட்டினேன்.

பொங்கலுக்கு முந்தைய நாள். பெருங்களத்தூரில் தென்பக்கம் போகிற பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிந்து நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. கும்பலோடு கும்பலாக நின்ற என் முழங்கையை யாரோ தொட்டார்கள். அக்கா. வண்டலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவதாகச் சொன்னார். கையெல்லாம் சாம்பலும் சோப்பும் பட்டு வெடித்திருந்தது. அவர் கணவரைப் பற்றி நான் கேட்டேன். அப்படியேதான் கிடக்கிறார் என்றார். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றதும், மடியிலிருந்து காகிதத்தில் கட்டிய இரண்டு மெதுவடைகளை எடுத்துக் கொடுத்தார். மண்டபத்து வடை. நான் தின்று முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அன்னிக்கு அந்தப் புள்ள உன்னதான பாத்துக் கேட்டுச்சு?"

"ஆமாக்கா."

"இன்னா கேட்டுச்சு?"

"எனக்கு எங்க இங்கிலீஷ் தெரியும்க்கா."

அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தல ஆட்றதுக்கு இன்னாத்துக்குபா இங்கிலீசு?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் ஒரு விழுப்புரம் பஸ் வேகத்தைக் குறைத்தது. எல்லோரும் ஓடினோம். நான் படியில் ஒரு காலை வைத்துத் தொத்திக்கொண்டேன். பை கீழேயே நின்றுவிட்டது. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு நாலடி ஓடிவந்து, என் காலுக்கு நடுவில் உள்ளே தள்ளிவிட்டார்.